கட்டுச்சோறு இல்லாத விதை

யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்கு விதை என்பது யாது என்று முதன்முதற் கற்பிக்கும் ஆசான் பனைமரமே. பனம்பழக் காலத்தில், பழத்தைச் சூப்பியபின் எஞ்சும் கொட்டைகளை ஒன்றுசேர்த்து, மணலிற் பாத்தி கட்டி அடுக்கி, மேலே மண் தூவி விடுவர். மாரி மழை பெய்து ஓயும். தை பிறந்து பாத்தியைக் கிண்டும் நாளிலே ஒவ்வொரு கொட்டையினின்றும் ஒரு முளை நிலத்துள் ஆழ இறங்கிக் கிழங்காகத் திரண்டிருக்கும். கிழங்கை ஒருபுறமும் கொட்டையை மறுபுறமும் குவித்தபின், கொட்டையைக் கத்தியாற் பிளந்து உள்ளே வெண்பஞ்சு போலிருக்கும் பூரானை எடுத்துண்பது பிள்ளைகளுக்குப் பெருவிருந்து. பிளந்த ஓடு ஊமல் எனப் பெயர் பெற்று அடுப்புக்குப் போய்விடும்.

அந்தப் பூரான் வெறும் தின்பண்டம் அன்று. கொட்டையினுள்ளே கல்லைப்போல இறுகிக் கிடக்கும் உணவைச் சிறிது சிறிதாகக் கரைத்து, நிலத்துள் இறங்கும் இளமுளைக்கு ஊட்டும் உறுப்பு அது. தொலைதூரம் செல்லும் பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு போல, தாய்ப்பனை தன் விதைக்குள் மாதக்கணக்கிற்குப் போதிய உணவை வைத்து அனுப்புகிறது. நெல்லும் பயறும் தேங்காயும் இவ்வாறே தம் மக்களை வழியனுப்புகின்றன. மனிதர் உண்ணும் தானியம் யாவும் பயிர்கள் தம் பிள்ளைகளுக்கென்று கட்டிவைத்த சோறேயாகும்.

ஆனால், தன் பிள்ளைகளை இலட்சக்கணக்கிற் பெற்று, ஒரு பிடி சோறும் கட்டிக்கொடாமற் காற்றிலே விட்டுவிடும் தாவரக் குடும்பமொன்றும் உலகில் உண்டு. அதுவே ஓர்க்கிட் குடும்பம். ஏறத்தாழ 28,000 இனங்களைக் கொண்ட இக்குடும்பம் பூக்குந் தாவரங்களுள் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. இலங்கையில் மாத்திரம் 180க்கு மேற்பட்ட ஓர்க்கிட் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை ஈரவலயத்துக் காடுகளுக்கும் மலைநாட்டுக்கும் உரியவை. எனினும் வெயிலும் வறட்சியும் மிக்க உலர்வலயத்தைத் தம் வீடாகக் கொண்ட சிலவும் இருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் காலநிலையோடு ஒத்து வாழக்கூடிய இனங்கள் இவையே. இவற்றுள் சிறப்பாகக் கருதத்தக்கது வாண்டா தெசலேட்டா என்னும் காட்டு ஓர்க்கிட்.

இந்தியாவின் பல பகுதிகளிலும் இலங்கையின் உலர்வலயத்திலும் வளரும் இச்செடி மரக்கிளைகளைப் பற்றி நிற்பது. நீண்டு ஒடுங்கிய தடித்த இலைகள் தண்டின் இருமருங்கும் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். தண்டினின்று கயிறு போன்ற வெண்ணிற வேர்கள் புறப்பட்டுச் சில மரப்பட்டையைத் தழுவும். சில காற்றில் தொங்கும். பூவின் இதழ்கள் பச்சையும் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தன. அவற்றின்மேற் பழுப்பு நிறக் கோடுகள் வலை பின்னினாற் போல ஓடும். இந்தக் கட்டம் கட்டமான கோலத்தினாலேயே தெசலேட்டா என்னும் இலத்தீன் பெயர் இதற்கு வாய்த்தது. நடுவே நீலமும் ஊதாவும் தோய்ந்த உதடு ஒன்று முன்னோக்கி நிற்கும். நறுமணமும் உண்டு.

வாண்டா என்னும் பெயர் இந்திய மண்ணிற் பிறந்தது. சமஸ்கிருத மொழியிலே மரத்தின்மேல் வளரும் செடிகளைக் குறித்து வழங்கிய சொல்லை எடுத்து, சேர் வில்லியம் யோன்ஸ் 1795ஆம் ஆண்டில் இச்செடியை வருணித்தார். 1820ஆம் ஆண்டில் இராபேட் பிரவுண் என்னும் தாவரவியலறிஞர் அதனை அறிவியன் முறைப்படி ஒரு பேரினமாக நிறுவினார். இலங்கை ஓர்க்கிட்டுகளின் விவரம் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஹென்றி திரைமன் தொடங்கிய பெருநூலில் இடம்பெற்றது. அவர் 1896இற் காலமான பின்னர் சேர் யோசப் ஹூக்கர் அந்நூலை முடித்துவைத்தார். பின்னாளில், 1981இல் வெளியான திருத்திய பதிப்பின் ஓர்க்கிட் பகுதியை ஜயவீர எழுதினார்.

மரத்தின்மேல் வளரும் செடியைக் கண்டவுடன் குருவிச்சை என்று எண்ணி வெட்டி எறிவோர் உளர். இது பெருந்தவறு. குருவிச்சை தான் ஏறிய மரத்தினுள்ளே உறிஞ்சிகளைச் செலுத்தி அதன் சாற்றை உண்பது. ஆகவே அஃது ஒட்டுண்ணி. ஓர்க்கிட்டோ மரத்திடம் இருக்க இடம் ஒன்றையன்றி வேறெதையும் கேட்பதில்லை. தன் உணவைத் தன் பச்சை இலைகளினாற் தானே ஆக்கிக்கொள்வது. மழைநீரையும் பட்டையில் வழியும் உப்புக்களையும் பஞ்சு போன்ற உறை போர்த்த தன் வேர்களினால் உறிஞ்சுவது. தாவரநூலார் இத்தகையவற்றை மேலொட்டிகள் என்பர். ஒருவர் வீட்டுத் திண்ணையிற் படுத்துறங்கும் வழிப்போக்கனுக்கும், அவ்வீட்டு அடுக்களையிற் புகுந்து உண்பவனுக்கும் உள்ள வேறுபாடே ஓர்க்கிட்டுக்கும் குருவிச்சைக்கும் உள்ள வேறுபாடாகும்.

இனி, இதன் விதையைக் காண்போம். பூ வாடியபின் பலமாதம் முதிரும் காய் வெடிக்கும்போது உள்ளிருந்து வெளிவருவது மாவைப்போன்ற ஒரு தூள். ஒரு மில்லிகிராம் எடையுள்ள தூளில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும். ஒரு காயினுள் ஆயிரக்கணக்கிலிருந்து பத்திலட்சத்துக்கு மேல்வரை விதைகள் இருப்பதுண்டு. சார்ல்ஸ் டாவின் 1862இல் வெளியிட்ட ஓர்க்கிட் நூலிலே, இங்கிலாந்தில் வளரும் ஒரு சாதாரண ஓர்க்கிட் செடியின் காயொன்றில் ஏறத்தாழ 6,200 விதைகள் இருந்ததாகக் கணக்கிட்டார். முப்பது காய் காய்த்த அச்செடியின் மொத்த விதைகள் 186,300. அவை யாவும் முளைத்து, அவற்றின் வழித்தோன்றல்களும் தவறாது முளைக்குமாயின், அந்த ஒரு செடியின் கொள்ளுப்பேரர்களே பூமியின் நிலப்பரப்பு முழுவதையும் ஏறக்குறையப் பச்சைப் போர்வையால் மூடிவிடுவர் என்றும் அவர் காட்டினார்.

ஆயினும் உலகம் ஓர்க்கிட்டால் மூடப்படவில்லை. காட்டில் ஒரு செடியைத் தேடிக் காண்பதே அரிதாயிருக்கிறது. ஏன்? விதையின் உள்ளே பாருங்கள்: மெல்லிய தோலொன்று, அதனுள் சில கலங்களால் ஆகிய ஒரு சிறு முளையம். வித்திலையுமில்லை, வேருமில்லை, கொட்டையில் இறுகிய உணவுமில்லை. தோலுக்கும் முளையத்துக்கும் இடையிற் காற்றே நிறைந்திருக்கிறது. அதனாலேயே அது தூசியைப் போல மிதந்து உயர்ந்த மரக்கிளைகளைச் சென்றடைகிறது. பனங்கொட்டை தாயின் காலடியில் விழுகிறது. ஆனால் உணவோடு விழுகிறது. ஓர்க்கிட் விதை காதவழி பறக்கிறது. ஆனால் வெறுங்கையோடு பறக்கிறது. பாரத்தைக் குறைத்தால் தூரம் போகலாம். தூரம் போனால் யார் சோறிடுவர் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு ஐரோப்பியத் தோட்டக்காரர் நெடுங்காலம் விடை அறியாது இடர்ப்பட்டனர். விதையை மண்ணில் இட்டனர், பாசியில் இட்டனர், மரத்தூளில் இட்டனர். முளைக்கவில்லை. 1849ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்துத் தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த தேவிட் மூர் என்பவர், ஓர்க்கிட் செடிகள் வளர்ந்த சட்டிகளில் விதையைத் தூவியதனால் நாற்றுக்கள் பெற்றதை அறிவித்தார். 1856இல் யோன் தொமினி என்பவர் இரு இனங்களைக் கலந்து பெற்ற செடி முதன்முறையாகப் பூத்தது. தாய்ச்செடியின் வேரருகே தூவிய விதையிற் சில முளைக்கின்றன என்று கைப்பழக்கத்தால் அவர்கள் கண்டுகொண்டனரேயன்றி, அதன் காரணத்தை எவரும் கண்டிலர்.

காரணத்தைக் கண்டவர் பிரான்சு நாட்டு இளைஞர் ஒருவர். பெயர் நோயல் பேணாட். 1899ஆம் ஆண்டு மே மாதத்தில், பாரிசுக்கு அண்மையிலுள்ள பொன்தென்புளோக் காட்டிலே, உதிர்ந்த இலைகளின்கீழ்ப் புதைந்து கிடந்த ஓர்க்கிட் பூந்தண்டொன்றை அவர் கண்டெடுத்தார். அதன் காய்களுக்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. நுண்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, முளைத்த ஒவ்வொரு முளையத்தினுள்ளும் ஒரு பங்கசின் இழைகள் சுருள் சுருளாக இருக்கக் கண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பங்கசு புகுந்த விதையே முளைக்கிறது. புகாத விதை முளைப்பதில்லை என்பதை அடுத்த சில ஆண்டுகளிற் சோதனைகளால் அவர் நிறுவினார். வேரினின்று பங்கசைப் பிரித்தெடுத்து, விதையோடு சேர்த்து வளர்த்தும் காட்டினார். இத்துணை பெரிய உண்மையை உலகுக்கு அளித்த அவர் 1911இல், தம் 36ஆம் வயதில் மறைந்தார்.

காட்டில் நிகழ்வது இதுவே. காற்றில் வந்த விதை மரப்பட்டையின் வெடிப்பொன்றில் ஒட்டிக்கொள்கிறது. மழை வந்து பட்டை நனைகிறது. உக்கிய பட்டையிலும் இலையிலும் வாழும் நுண்ணிய பங்கசின் இழை விதையினுட் புகுகிறது. முளையம் அந்த இழையைத் தன் கலங்களுக்குள் வரவேற்று, சுருளாக்கி, பின்னர் அதனையே செரித்து உணவாக்கிக் கொள்கிறது. விருந்தாளியாக வந்தவன் விருந்தாகவே ஆகிவிடுகிறான். ஆனால் இவ்விளையாட்டு ஆபத்து மிக்கது. பங்கசின் கை ஓங்கினால் முளையம் அழுகி இறக்கும். முளையம் பங்கசை முற்றாக விலக்கிவிட்டால் பட்டினியால் இறக்கும். இரண்டும் சமநிலையில் நிற்கும் நல்லூழ் வாய்த்த விதை இலட்சத்தில் ஒன்றோ இரண்டோதான். இதனாலேதான் ஒரு செடி இலட்சக்கணக்கில் விதை ஈனவேண்டியதாயிற்று.

பேணாடும், அவருக்குப்பின் செருமனி நாட்டுப் பூர்கெவ் என்பாரும் பங்கசைக் கொண்டே விதையை முளைக்கச் செய்தனர். அமெரிக்காவிற் கோணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் வேறொரு வழியிற் சிந்தித்தார். பங்கசு முளையத்துக்கு அளிப்பது யாது? அது சீனியே எனின், அந்தச் சீனியை நேரே கொடுத்தாலென்ன? சில உப்புக்களையும் சீனியையும் நீரிற் கரைத்து, கடற்பாசிக் கூழாகிய ஏகாரினால் உறையவைத்து, கிருமி நீக்கிய போத்தலினுள் விதையைத் தூவினார். பங்கசு இல்லாமலே விதை முளைத்தது. இம்முடிபை அவர் 1922இல் வெளியிட்டார். 1946இல் அவர் திருத்தியமைத்த ஊடகம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு லீற்றர் நீருக்கு 20 கிராம் சீனி. அதனோடு கல்சியம் நைத்திரேற்று 1 கிராம், அமோனியம் சல்பேற்று அரைக் கிராம், பொற்றாசியம் பொசுபேற்றும் மகனீசியம் சல்பேற்றும் கால் கிராம் வீதம், இரும்புப்புச் சத்தும் மங்கனீசும் துளியளவு. தாய் கட்டிக்கொடுக்க மறந்த சோற்றை மனிதன் கட்டிக்கொடுத்தான் என்றே சொல்லவேண்டும்.

இந்த முறை ஆசியாவிற் காலூன்றிய இடங்களுள் முதன்மையானது சிங்கப்பூர். அங்கே 1893ஆம் ஆண்டில் அக்னஸ் யோக்கிம் என்னும் அம்மையாரின் தோட்டத்துக் கலப்பு ஓர்க்கிட் ஒன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவே 1981இற் சிங்கப்பூரின் தேசியப் பூவாயிற்று. எரிக் ஹோல்ற்றம் என்னும் அறிஞர் நட்சனின் போத்தல் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவிற் கையாண்டு, அந்நாட்டைப் பெரும் ஓர்க்கிட் வாணிப நாடாக்க வழிவகுத்தார். அக்காலத்தில் உத்தியோகத்தின் பொருட்டு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற யாழ்ப்பாணத்தார் பலர். ஒரு போத்தலிலிருந்து ஒரு நாட்டின் ஏற்றுமதி எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு அந்நாடு சான்று.

இனி, யாழ்ப்பாணத்து வளவொன்றில் வாண்டா தெசலேட்டாவை விதையினின்று வளர்க்க விரும்பும் ஒருவர் செய்யவேண்டுவன யாவை? முதலாவது, காய் பெறுதல். இரண்டு வெவ்வேறு செடிகளின் பூக்கள் ஒரே காலத்தில் மலர்ந்திருந்தால் நன்று. பூவின் நடுவேயுள்ள தூணின் நுனியில் ஒரு சிறு மூடி இருக்கும். கூராக்கிய ஈர்க்கொன்றினால் அதனை மெல்ல நெம்பினால், மகரந்தம் தூளாக அன்றி இரண்டு மஞ்சட் கட்டிகளாக ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை மற்றச் செடியின் பூவிலே, தூணின் கீழ்ப்புறத்தில் பசை நிறைந்திருக்கும் குழியில் ஒட்டிவிடவேண்டும். சில நாட்களிற் பூ வாடும். அதன் காம்பு போன்ற பகுதி பருத்துக் காயாகத் தொடங்கும். ஒரு செடியில் ஒன்றிரண்டு காய்க்குமேல் விடலாகாது. அதற்குமேல் விட்டாற் செடி களைத்துவிடும்.

காய் முழுதும் முதிர்ந்து வெடிக்குமட்டும் காத்திருந்தால் விதை சிதறும். சிதறிய விதையிற் பூஞ்சண வித்துக்கள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெடிப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே, காய் பச்சையாயிருக்கும்போதே பறித்துக்கொள்வது மேல். பச்சைக்காயின் உட்புறம் இயற்கையாகவே தூயதாயிருக்கும். வெளிப்புறத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டால் போதும். காய் வெடித்துவிட்டதாயின், கிணற்றுக்கு இடும் குளோரின் தூளைக் கரைத்து வடித்த நீரில் விதையைச் சில நிமிடம் குலுக்கி எடுப்பது வழக்கம்.

இரண்டாவது, கூழ் தயாரித்தல். ஏகார் என்பது யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. இந்நாட்டுக் கடற்கரைகளிற் சேகரிக்கப்பட்டு, நோன்புக் காலத்திலும் விழாக் காலத்திலும் இனிப்பாகக் காய்ச்சப்படும் கடற்பாசியின் உறவே அது. உப்புக்களோடும் சீனியோடும் இளநீரைச் சேர்த்தால் நாற்றுக்கள் செழிப்பது அனுபவம். முளைகளை வளர்க்கும் ஆற்றல் தேங்காயின் நீரில் உண்டென்பதை வான் ஓவர்பீக் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1941இல் அறிவியலுலகுக்குக் காட்டினர். தென்னை தன் பிள்ளைக்கென்று வைத்த உணவு, பிறிதொரு தாவரத்தின் பிள்ளைக்கும் உதவுகிறது. நாற்றுக்களை மறுபோத்தலுக்கு மாற்றும் கட்டத்தில் வாழைப்பழத்தை மசித்துச் சேர்ப்பாரும் உண்டு. கூழின் புளிப்புத்தன்மை சற்று மிகுந்து, அமில அளவு ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். போத்தல்களை மூடி, பிரசர் குக்கரில் முழு அமுக்கத்தில் 15 முதல் 20 நிமிடம் வரை அவித்தெடுத்தாற் கிருமி யாவும் மடியும்.

மூன்றாவது, விதைத்தல். தோல்வியுறுவோர் பெரும்பாலும் தோல்வியுறுவது இவ்விடத்திலேதான். சீனிக்கூழ் ஓர்க்கிட்டுக்கு மாத்திரம் உணவன்று. காற்றிலுள்ள எல்லாப் பூஞ்சணங்களுக்கும் பக்ரீரியாக்களுக்கும் அது பெருவிருந்து. ஒடியல் காயும்போது மழைத்தூறல் பட்டால் என்னாகும் என்பதை யாழ்ப்பாணத்து இல்லத்தரசியர் அறிவர். போத்தல் திறக்கும் ஒரு கணத்தில் ஒரேயொரு பூஞ்சண வித்து உள்ளே விழுந்தால், நாலைந்து நாளில் வெண்பஞ்சும் கரும்பஞ்சுமாகப் போத்தல் நிறைந்துவிடும்; மாதக்கணக்கிற் காத்த காய் வீணாகும். ஆகவே ஆய்வுகூடங்களில் வடிகட்டிய காற்று வீசும் பெட்டியின் முன்னிருந்து விதைப்பர். அவ்வசதியில்லாதோர் கண்ணாடிப் பெட்டியினுள்ளே, அசையாத காற்றில், கைகளையும் கருவிகளையும் ஸ்பிரிட்டினாற் தூய்மை செய்து விதைப்பர். பத்துப் போத்தலில் விதைத்து ஐந்து மிஞ்சினாலும் அவர் வென்றவரே. அவ்வைந்தினுள் ஆயிரம் செடிகள் இருக்கலாம்.

அதன்பின் காத்திருத்தல். வாரங்கள் சென்றபின் தூசி போன்ற விதை பருக்கும். பருத்தது பச்சையாகும். குண்டூசித் தலையளவான பச்சை மணிகளாய்ப் போத்தலின் அடி முழுதும் பரவும். அது வேரும் அன்று, இலையும் அன்று, தண்டும் அன்று. ஓர்க்கிட்டுக்கே சிறப்பாக உரிய முளைக்கிழங்கு. அதன் உச்சியினின்று ஓர் இலைமுனை தோன்றும். பின்னர் முதல் வேர் இறங்கும். நெருக்கம் மிகும்போது வேறு போத்தல்களுக்கு மாற்றவேண்டும். ஓராண்டளவிலோ அதற்குப் பின்னரோ விரல் நீளமான நாற்றுக்கள் வெளியுலகைக் காணத் தகுதியடையும்.

வெளியுலகு எனின், யாழ்ப்பாணத்து வெளியுலகு. போத்தலினுள் ஈரம் குறையாத காற்றில் வளர்ந்த பிள்ளையைச் சோளகக் காற்றின் வாயில் வைத்தால் ஒருநாளிற் கருகிவிடும். ஆகவே போத்தலினின்று எடுக்கும் காலம் ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள மாரிக்காலமாயிருப்பது நன்று. வேரிலொட்டிய கூழை நன்றாகக் கழுவி, சிரட்டைக்கரித் துண்டும் தும்பும் இட்ட சட்டியில் நாற்றுக்களைக் கூட்டமாக வைத்து, கிடுகு நிழலிற் பேணவேண்டும். பங்குனி சித்திரை வெயில் வருமுன் வேர்கள் கரியைப் பற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். பின்னர் சிறிது சிறிதாக வெளிச்சத்துக்குப் பழக்கலாம். வளர்ந்த வாண்டா வறட்சிக்கு அஞ்சாது. தடித்த இலையுடைய இத்தகைய ஓர்க்கிட்டுகள் பகலில் இலைத்துளைகளை மூடி, குளிர்ந்த இரவிலேயே திறந்து மூச்சு வாங்கி நீரைச் சேமிப்பன. ஆனால் குழந்தைக்கு அந்த வலிமை உடனே வந்துவிடாது.

நீரைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். கிணற்றுநீர் அக்கல்லினூடு ஊறி வருதலின் சுண்ணாம்புச் சத்து மிக்கது. கரையோரங்களில் உவர்ப்பும் கலந்திருக்கும். கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவது அதுவே. இந்நீரை நாள்தோறும் தெளித்தால் இளவேர்களிலும் வெண்படிவு ஏறி அவை செயலற்றுப்போம். மாரியிற் கூரையினின்று வழியும் மழைநீரைத் தொட்டியிற் சேர்த்துவைத்து நாற்றுக்களுக்கு விடுவதே தக்கது. மரத்தின்மேல் வாழும் செடி தலைமுறை தலைமுறையாக மழையையன்றி வேறு நீரை அறியாதது.

இத்துணைப் பாடு எதற்கு, காட்டிற்போய் ஒரு செடியைப் பிடுங்கி வந்தால் ஆகாதோ என்று கேட்பார் இருக்கலாம். அங்கேதான் இவ்விடயத்தின் உயிர்நிலை இருக்கிறது. இலங்கையின் ஈரவலயத்துக்கே உரியது வெசாக் ஓர்க்கிட். வெசாக் பண்டிகையை ஒட்டி மே மாதத்தளவில் பூப்பதால் அப்பெயர் பெற்றது. அழகே அதற்குப் பகையாயிற்று, பூத்திருக்கும்போதே கண்டு பிடுங்கி விற்றனர், காடுகளும் குறைந்தன, இன்று அது அழியும் அபாயத்திலுள்ள இனம். பூக்குங் காலத்திற் பிடுங்கப்படும் செடியோடு, அவ்வாண்டு காய்த்திருக்கக்கூடிய இலட்சக்கணக்கான விதைகளும் சேர்ந்தே பிடுங்கப்படுகின்றன. எல்லா ஓர்க்கிட் இனங்களும் அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குட்பட்டவை. இலங்கை 1979இல் அதிற் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கை, பொதுவாக, கிருமி நீக்கிய போத்தலிலே வளர்த்த நாற்றுக்களுக்கு விலக்களிக்கிறது. காட்டினின்று பறித்ததும் விதையினின்று வளர்த்ததும் ஒன்றல்ல என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது.

ஒரு காயை எடுத்து, தாய்ச்செடியை மரத்திலேயே விட்டுவந்தவர், காட்டுக்கு ஒரு குறையும் செய்தவரல்லர். அந்த ஒரு காயினின்று ஓர் ஊருக்கே போதிய செடிகளை அவர் ஆக்கலாம். வளர்ப்புச் செடியிலேயே காய் பெறுவாராயின் காட்டைத் தொடவே வேண்டியதில்லை. சந்தையில் விதையாற் பிறந்த செடி மலிந்தால், காட்டுச் செடியைப் பிடுங்கித் திரிவார்க்கு வேலையின்றிப் போம்.

எனினும் போத்தல் எல்லாவற்றையும் செய்துவிடாது. நட்சன் காட்டிய வழி மனிதர் கைக்கு உரியது. காட்டிலே எவரும் சீனிக்கூழ் ஊற்றுவாரில்லை. போத்தலிற் பிறந்த வாண்டாவை மரத்திற் கட்டிவிட்டால் அது வளரும், பூக்கும், காய்க்கும். ஆனால் அதன் விதை முளைக்கவேண்டுமாயின், அம்மரப்பட்டையிலே பங்கசு வாழவேண்டும். பங்கசு வாழ வேண்டுமாயின், உக்கிய பட்டையும் பாசியும் படிந்த முதிய மரம் வேண்டும். 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போரிலே வடபகுதியின் மரங்கள் பெருஞ்சேதமுற்றன. காப்பரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பனைகள் எண்ணிலடங்காமல் தறிக்கப்பட்டன. அதன்பின் பனம்விதை நடுகை பல இடங்களில் நடைபெற்றுவருகிறது. நட்ட மரம் முதிய மரமாவதற்கோ ஒரு தலைமுறை வேண்டும். எஞ்சிய முதிய மரங்களைத் தறியாது பேணுதல் ஓர்க்கிட்டைப் பேணுதலேயாகும். கோயில் வீதியில் நிற்கும் முதிய மருதும் இலுப்பையும், வளவில் நிற்கும் முதிய புளியும் மாவும், நிழலும் பழமும் தருவதோடு, கண்ணுக்குப் புலனாகாத எத்தனையோ பிள்ளைகளுக்குத் தொட்டிலாகவும் இருக்கின்றன.

போத்தலில் விதைத்த நாள் தொட்டு வாண்டா பூக்கும் நாள்வரை நான்காண்டும் ஆகலாம், எட்டாண்டும் ஆகலாம். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. அவ்வாறிருந்தும் யாழ்ப்பாணத்தார் பனை நடுவதை விட்டாரில்லை. தாம் காணாத நுங்கையும் தாம் உண்ணாத கிழங்கையும் எண்ணி நட்டவர் வழிவந்தோர்க்கு எட்டாண்டு பெரிதன்று. பனை தன் பிள்ளைக்குத் தானே சோறு கட்டுகிறது. அதற்கு மனிதர் செய்யவேண்டியது ஒரு பாத்தி மாத்திரமே. வெறுங்கையோடு காற்றில் வரும் ஓர்க்கிட் விதைக்கு ஊட்டுதற்கு யாரேனும் ஒருவர் வேண்டும். காட்டில் அதனைப் பங்கசு செய்கிறது. காடு சுருங்கிய இடத்தில் அதனைச் செய்ய மனிதர் முன்வரவேண்டும். ஒரு போத்தல் கூழும், ஒரு காயும், பொறுமையும் உடையார் எவரும் இத்தொண்டுக்கு உரியவரே.